வீட்டு பியரும் இஞ்சி பியரும்: வாசகர் வினாக்களுக்கு விடைகள்

சென்ற இதழில், பாண் மா ஏன் பொங்குகிறது என்ற கேள்விக்கு விடையளிக்கையில், அதே மதுவம்தான் (ஈஸ்ட்) பியரையும் ஆக்குகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிரப்பிவிட்டன. மதுபானத்துக்கு விளம்பரம் செய்வதை இலங்கையின் 2006-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. எனக்கும் அதில் விருப்பமில்லை. ஆகவே எந்த வணிகப் பெயரும் இங்கே வராது.

கேள்வி: நோர்வேயில் பேர்கன் நகரில் இருக்கும் என் மகன் வீட்டிலேயே பியர் ஆக்கத் தொடங்கியிருக்கிறான். தொலைபேசியில் மோல்ட், ஹொப்ஸ் என்று என்னென்னவோ சொல்கிறான். அவனுடைய அம்மாவுக்கோ, பிள்ளை கசிப்பு வடிக்கிறானோ என்ற பயம். அந்தப் பானைக்குள் உண்மையில் நடப்பது என்ன?
— ஒரு தந்தை, உவர்மலை

பதில்: முதலில் வீட்டம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கசிப்பு என்பது நொதித்த கோடாவைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்து வடித்தெடுப்பது. பியரில் வடித்தல் என்ற படியே கிடையாது. நோர்வேயில் சொந்தப் பாவனைக்காக வீட்டில் பியர் ஆக்கச் சட்டம் இடமளிக்கிறது; வடிப்பதற்கு இடமளிப்பதில்லை; ஆக்கிய பியரை விற்பதற்கும் உரிமம் வேண்டும். மகன் பியரோடு நிற்கும்வரை அவருக்குச் சட்டத்தால் தொல்லையில்லை.

பியருக்கு வேண்டியவை நீர், மோல்ட், ஹொப்ஸ், மதுவம் ஆகிய நான்கே. பவேரியாவில் 1516-இல் பிறப்பிக்கப்பட்ட பியர் ஆணை நீர், வாற்கோதுமை, ஹொப்ஸ் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. நொதிக்கச் செய்வது ஓர் உயிர் என்பது அன்று எவருக்கும் தெரியாததால் மதுவத்துக்கு அதில் இடமில்லை.

மோல்ட் என்பது முளைவிட்டு உலர்த்தப்பட்ட வாற்கோதுமை. தானியத்துக்குள் இருப்பது மாப்பொருள்; அதை மதுவத்தால் உண்ண முடியாது. ஆனால் முளைக்கத் தொடங்கும் விதை, தன் குருத்துக்கு உணவாக அந்த மாப்பொருளை வெல்லமாக மாற்றுவதற்கென அமிலேசு எனும் நொதியங்களைத் தானே ஆயத்தம் செய்துகொள்கிறது. அந்த ஆயத்தம் முடிந்து, குருத்து மாப்பொருளைத் தின்று தீர்ப்பதற்கு முன், சூடான காற்றில் உலர்த்தி முளைப்பை நிறுத்திவிடுகிறார்கள். விதை தனக்கென்று சேர்த்த நொதியங்கள் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.

20 லீற்றர் பியருக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ மோல்டை நொருநொருவென்று உடைத்து, 66 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். வீட்டில் ஆக்குபவர் உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய முதலாவது இடம் இதுதான். வெப்பநிலை 62, 63 பாகையில் நின்றால் ஒருவகை அமிலேசு மும்முரமாக இயங்கி, மதுவம் முற்றாக உண்ணத்தக்க மோற்றோசு எனும் வெல்லத்தைத் தரும். அதனால் கிடைக்கும் பியர் மெலிந்து, இனிப்பின்றி இருக்கும். 70 பாகையை அண்டினால் மற்றவகை மேலோங்கும். மதுவத்துக்கு எட்டாத பெரிய வெல்ல மூலக்கூறுகள் மிஞ்சுவதால் பியர் கனமாக அமையும். 80 பாகையைத் தாண்டினால் இரண்டும் பழுதாகிவிடும். கன்னியா வெந்நீர்க் கிணற்று நீர் இதற்குப் போதுமா என்று இன்னொரு வாசகர் வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார். தலையில் அள்ளி ஊற்றத்தக்க சூடு மோல்டுக்குப் போதாது. 66 பாகை நீரில் கை வைத்தால் பொக்களித்துவிடும்.

மாப்பொருள் முழுவதும் மாறிவிட்டதா என்பதை அறிய, பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் எல்லோரும் செய்த அயடீன் சோதனையே போதும். ஒரு கரண்டி சாற்றை வெள்ளைக் கோப்பைத் தட்டில் விட்டு ஒரு துளி அயடீன் சேர்த்தால், மாப்பொருள் எஞ்சியிருக்கும்போது கருநீலம் எழும். மாறிவிட்டதாயின் அயடீனின் மஞ்சட்கபில நிறமே நிற்கும். சோதித்த சாற்றை மீண்டும் பானையில் ஊற்றக்கூடாது.

பின்னர் சக்கையை வடிகட்டி நீக்கி, இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததென்றாலும் அதன் மயக்கம் இதில் இல்லை. கொதியின் தொடக்கத்தில் இடும் ஹொப்ஸ் கசப்பைத் தரும். கடைசிச் சில நிமிடங்களில் இடுவது மணத்தைத் தரும். கசப்பை வெளிக்கொணர நீண்ட கொதி வேண்டும், அதே கொதியில் மணம் ஆவியாகிப் போய்விடும் என்பதே இந்த இருவேளை முறைக்குக் காரணம். ஹொப்ஸின் கசப்புப் பொருள்கள் பல பற்றீரியாக்களை வளரவிடாமலும் தடுக்கின்றன.

கொதி முடிந்ததும் சாற்றை விரைவாகக் குளிரவைத்து, 20 பாகைக்கு வந்தபின் மதுவத்தைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் வரை சாற்றில் எது விழுந்தாலும் செத்துவிடும். ஆறிய பின்னரோ, தூசியிலிருந்தும் கையிலிருந்தும் வரும் எந்த நுண்ணுயிருக்கும் அது விருந்து. ஆறிய சாற்றைத் தொடும் வாளி, குழாய், கரண்டி, மூடி அனைத்தையும் முதலில் கழுவி அழுக்கை நீக்கி, அதன்பின் கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள்; அழுக்கின்மேல் கிருமிநீக்கி ஊற்றிப் பயனில்லை. புதியவர்கள் கெடுத்துக்கொள்ளும் பியரில் பெரும்பங்கு சமையற் குறிப்பால் கெடுவதில்லை, கழுவாத குழாயால் கெடுகிறது. பிளாஸ்டிக் வாளியின் உட்புறத்தைக் கம்பித் தும்பால் தேய்ப்பதும் தவறு; அந்தக் கீறல்கள் பற்றீரியாக்களுக்கு மறைவிடமாகும்.

மூடிய வாளியின் மேல், வாயு வெளியேறவும் வெளிக்காற்று உட்புகாதிருக்கவும், நீர் நிரப்பிய வளைந்த குழாய் ஒன்று பொருத்தப்படும். மதுவம் வெல்லத்தை உண்டு எதனோல் எனும் அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் விடுகிறது. அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் குழாயில் குமிழிகள் எழும். ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். குமிழி நின்றதை மட்டும் வைத்து வேலை முடிந்ததெனக் கொள்ளக்கூடாது. ஹைட்ரோமீற்றர் எனும் மிதக்கும் கண்ணாடி மானியைச் சாற்றில் விட்டு, நீரை 1 எனக் கொண்டு அடர்த்தியைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 1.048 காட்டியது, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவீடுகளிலும் 1.010 என்று அசையாமல் நின்றால் முடிந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடாகிய 0.038-ஐ 131-ஆல் பெருக்கினால் 5 வரும். அதுவே கனவளவின்படி அற்ககோலின் சதவீதம்.

கடைசியாக, நுரைக்கென்று 20 லீற்றருக்கு ஏறத்தாழ 120 கிராம் சீனியைக் கொஞ்ச நீரில் காய்ச்சிக் கலந்து, போத்தலில் அடைத்து இரண்டு வாரம் வைக்க வேண்டும். அளவு கூடினால் போத்தல் வெடிக்கும்.

முதன்முறை ஆக்குபவர் இவ்வளவையும் செய்ய வேண்டியதில்லை. மோல்டின் சாற்றைப் பாகாக வற்றவைத்து அங்கே தகரத்தில் விற்கிறார்கள். அதை வாங்கினால் ஊறவைக்கும் படி முழுவதும் மிச்சம். மகன் அதிலிருந்து தொடங்கி, கழுவுவதையும் வெப்பநிலையையும் பழகியபின் முழு மோல்டுக்குப் போவது நல்லது.

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். வெளிநாட்டார் வீட்டு பியரை விரும்புவார்கள் என்கிறார்கள். ஒரு பீப்பாய் ஆக்கிக் கொடுத்துப் பார்க்கலாமா?
— விடுதி உரிமையாளர், உப்புவெளி

பதில்: கூடாது. 1912-ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமமின்றி மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். விற்பனைக்கும் தனியே உரிமம் வேண்டும். இலவசமாகக் கொடுத்தாலும் ஆக்கியது ஆக்கியதுதான். எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய கடுமை என்று இதை நினைக்க வேண்டாம். பிரித்தானியாவில் 1963 வரை வீட்டில் பியர் ஆக்க உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மத்திய சட்டம் 1978-இல் கையெழுத்தாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் அலபாமா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்கள் 2013 வரை விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் விடுதிக்கு ஏற்றது இஞ்சி பானம். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பியர் குளிர்நாட்டுப் பானம் என்கிறார்கள். எங்கள் வெயிலில் அது ஆகவே ஆகாதா, அல்லது ஆகியும் கெட்டுவிடுமா?
— உயர்தர மாணவர், பாலையூற்று

பதில்: நல்ல கேள்வி, இந்தப் பொருளின் மையமும் இதுதான். மதுவத்துக்கு வெப்பம் பிடிக்கும். 32, 33 பாகையில் அது சாகாது, மாறாகப் பரபரவென்று பெருகும். சிக்கல் என்னவென்றால், அந்த அவசரத்தில் அது எதனோலோடு மட்டும் நின்றுவிடுவதில்லை; எதனோலிலும் பெரிய மூலக்கூறுள்ள அற்ககோல்களையும், எசுத்தர்களையும் அளவுக்கு மிஞ்சி ஆக்கிவிடும். பியரில் அழுகிய வாழைப்பழ வாடையும், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் காரமும் ஏறுவது இதனாலேயே. ஏல் எனும் பியர் வகையின் வழக்கமான மதுவத்துக்கு 18 முதல் 22 பாகை வரையும், குளிரில் நொதிக்கும் லாகர் எனும் பியர் வகையின் மதுவத்துக்கு 8 முதல் 13 பாகை வரையும் பொருத்தம். திருகோணமலையில் ஆடி மாத நண்பகலில் வீட்டுக்குள்ளேயே 33 பாகை இருக்கும். மார்கழி இரவிலும் 23, 24-க்குக் கீழே இறங்குவது அரிது. அதோடு, நொதித்தலே வெப்பத்தை வெளிவிடும் தாக்கம்; மும்முரமான வேளையில் வாளியின் உள்ளே, அறையைவிட மூன்று நான்கு பாகை கூடுதலாக இருக்கும். அறையின் வெப்பமானியைப் பார்த்து ஆறுதல் கொள்பவர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இலங்கையின் பழைய பியர் ஆலை 1881-இல் நுவரெலியாவில் எழுந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். மலையில் குளிர் இலவசம். பின்னாளில் அது பியகமவுக்கு இறங்கி வர முடிந்தது இயந்திரக் குளிரூட்டலால். ஐரோப்பாவிலும் கதை இதுவே: லாகர் ஆக்கியவர்கள் குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை நிலவறைகளில் அடுக்கி வைத்துச் சமாளித்தார்கள். கார்ல் வான் லிண்டே 1870-களில் உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரத்துக்கு முதல் வாடிக்கையாளர்கள் பியர் ஆலைக்காரர்களே. இன்று நம் சமையலறையில் மீனைக் காக்கும் பெட்டியின் பூர்வீகத்தில் பியருக்கும் பங்குண்டு.

ஆனால் விதிக்கு விலக்கு ஒன்று இருக்கிறது. அது குளிர்நாட்டிலிருந்தே வருகிறது என்பதுதான் வியப்பு. நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள வொஸ் போன்ற ஊர்களில், பண்ணை வீடுகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் எனும் மதுவ வகைகள் உள்ளன. அவர்கள் சாற்றை முழுதும் ஆறவிடாமல், வெதுவெதுப்பாக இருக்கும்போதே மதுவத்தைச் சேர்ப்பது வழக்கம். அப்படியே வளர்ந்து வளர்ந்து, 30 முதல் 40 பாகை வரையிலும் கெட்ட வாடையின்றி, இரண்டு மூன்று நாளில் வேலையை முடிக்கும் குணம் அதற்குப் படிந்துவிட்டது. பண்ணையில் அதை மரவளையம் ஒன்றில் தோய்த்து உலர்த்தி, அடுத்த முறைக்கென்று தொங்கவிட்டு வைத்தார்கள். உவர்மலைத் தந்தையின் மகன் பேர்கனிலிருந்து வொஸுக்கு ரயிலிலேயே போய்வரலாம்.

ஈரச் சாக்குச் சுற்றி வாளியைக் குளிர்விக்கும் உத்தி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது ஆவியாதலைக் கொண்டு இயங்குவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், காற்று வறண்டிருப்பதால், சாக்குச் சுற்றிய பானையில் நான்கைந்து பாகை குறையக் காணலாம். வாடைக்காற்றும் மழையும் வந்தபின் காற்றில் ஈரம் நிறைந்துவிடும், அப்போது சாக்கு நனைந்தபடியே கிடக்கும், பானை குளிராது. இதைப் பரிசோதிக்க பியர் தேவையில்லை, வெறும் தண்ணீர்ப் பானையும் வெப்பமானியும் போதும்.

கேள்வி: எங்களிடம் நெல்லும் குரக்கனும் தாராளம். இவற்றில் பியர் வருமா?
— விவசாயி, தம்பலகாமம்

பதில்: தானியம் எதிலும் மாப்பொருள் உண்டு; நொதியம் போதுமா என்பதே கேள்வி. குரக்கனை முளைவிடச் செய்து உலர்த்தி அரைத்துக் கஞ்சி வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்த மா இனிப்பதும், கஞ்சி இறுகாமல் இளகி நிற்பதும் அமிலேசின் வேலையே. ஆபிரிக்காவில் குரக்கனையும் சோளத்தையும் முளைவிட்டே பியர் ஆக்குகிறார்கள். அரிசியில் இரண்டு தடைகள் உள்ளன. தீட்டிய அரிசி முளைக்காது, ஆகவே சொந்த நொதியம் அதற்கு இல்லை. மேலும் அதன் மாப்பொருள் இளகுவதற்கு மோல்ட் ஊறும் வெப்பநிலை போதாது. எனவே பெரிய ஆலைகளில் அரிசியைத் தனியே வேகவைத்து, வாற்கோதுமை மோல்டுடன் கலந்து, மோல்டின் நொதியத்தைக் கடன் வாங்குகிறார்கள். சப்பானியர் வேறு வழி கண்டார்கள்: வேகவைத்த அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அதன் நொதியத்தைக் கொண்டு சாக்கே எனும் அரிசி மதுவை ஆக்குகிறார்கள். இதெல்லாம் அறிவதற்கு, மதுவரிச் சட்டம் தம்பலகாமத்துக்கும் உண்டு.

கேள்வி: கள்ளும் பியரும் ஒரே வகைதானே? ஏன் ஒன்று மரத்திலேயே ஆகிவிடுகிறது, மற்றதற்கு இத்தனை பாடு?
— வாசகர், சம்பூர்

பதில்: பாளையிலிருந்து சொட்டுவது ஏற்கெனவே வெல்ல நீர். மாப்பொருளை மாற்றும் வேலையே அங்கில்லை. காற்றிலும் முட்டியின் சுவரிலும் காத்திருக்கும் மதுவமும் பற்றீரியாவும் முதல் துளியிலேயே தொடங்கிவிடும். மரத்திலிருந்து இறக்கும்போதே அது கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அந்தக் காரத்தில் அவை வளர முடியாது, கருப்பநீர் கிடைக்கும். கள்ளில் ஹொப்ஸ் போன்ற காவல் எதுவும் இல்லாததால் மறுநாளே புளித்து, பின்னர் வினாகிரியாகிவிடும். அந்த உயிருள்ள மதுவத்தை நம்பித்தான் நம் பாட்டிமார் அப்ப மாவுக்கு ஒரு கோப்பை கள் வாங்கி ஊற்றினார்கள். கள் இறக்கவும் அனுமதி வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கேள்வி: அக்காவின் வீட்டில் இஞ்சி பியர் அடைத்து வைத்த கண்ணாடிப் போத்தல் நடு இரவில் வெடித்துவிட்டது. எங்கே பிழை? சரியான முறையை எழுதுவீர்களா?
— இல்லத்தரசி, லிங்கநகர்

பதில்: யாருக்கும் காயமில்லை என்று நம்புகிறேன். பிழை கண்ணாடியிலும், குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே விட்ட நேரத்திலும் இருக்கிறது. முறையைச் சொல்லிவிட்டுக் கணக்கையும் சொல்கிறேன்.

இரண்டு லீற்றர் நீருக்கு 100 கிராம் பச்சை இஞ்சியைத் தோலோடு கழுவித் துருவி, 200 கிராம் சீனியுடன் பாதி நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். வடிகட்டி, கொதித்தாறிய மீதி நீரையும் இரண்டு தேசிக்காயின் சாற்றையும் சேருங்கள். கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கும் கீழே வந்தபின், பாணுக்கு இடும் உலர் ஈஸ்டில் கால் தேக்கரண்டியைவிடக் கூடாமல் கலக்குங்கள். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்களைக் கழுவி, கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டு நிரப்பி, இறுக மூடுங்கள். நிரப்பியவுடன் பெருவிரலால் போத்தலை அழுத்திப் பார்த்தால் உள்ளே போகும். எங்கள் வெயிலில், மாலையில் அடைத்தால் மறுநாள் காலைக்குள் அது விறைக்கத் தொடங்கும். கடையிலிருந்து வாங்கும் திறக்காத சோடாப் போத்தலைப் போல விரலுக்கு இடங்கொடாத நிலை வந்ததும், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். குளிரில் மதுவம் ஏறத்தாழ உறங்கிவிடும். நாலைந்து நாளில் குடித்து முடிப்பது நல்லது. குளிர்நாட்டுச் சமையற் குறிப்புகளில் இரண்டு மூன்று நாள் வெளியே வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த நாட்கணக்கை இங்கே பின்பற்றுவதுதான் போத்தல் வெடிப்பதற்கு முதற்காரணம்.

இனிக் கணக்கு. ஒரு கிராம் சீனி முற்றாக நொதித்தால் ஏறத்தாழ அரைக் கிராம் காபனீரொட்சைட்டு வெளிவரும். ஒரு லீற்றர் பானத்துக்கு நல்ல நுரையைத் தர ஐந்து கிராம் வாயு போதும். அதற்கு நொதிக்க வேண்டிய சீனி பத்துக் கிராம். நீங்கள் இட்டிருப்பதோ லீற்றருக்கு நூறு கிராம். அதாவது போத்தலுக்குள் வேண்டியதைப் போலப் பத்து மடங்கு வாயுவுக்கான சரக்கு இருக்கிறது; அதில் ஒரு பங்கு முடிந்ததும் மதுவத்தை நிறுத்துவது குளிர் ஒன்றே. சீனியைப் பாதியாகக் குறைத்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பாதியே கண்ணாடியை உடைக்கத் தாராளமாகப் போதும். பிளாஸ்டிக் போத்தல் விறைத்து எச்சரிக்கும், கண்ணாடி அப்படி எதுவும் செய்யாது. வெளியே மறந்துவிட்ட போத்தல் பருத்திருக்கக் கண்டால், அசைக்காமல் சில மணி நேரம் குளிரவைத்து, துணி போர்த்தி, முகத்தை விலக்கி, மூடியை நூல் நூலாகத் திறந்து வாயுவை விடுங்கள்.

ஈஸ்ட் இல்லாமல், தோலோடு துருவிய இஞ்சியையும் சீனியையும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் இட்டு, இஞ்சித் தோலிலுள்ள காட்டு மதுவத்தைப் பெருக்கிக்கொள்ளும் முறையும் உண்டு. சுவை இன்னும் ஆழமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நடக்கும். இங்கிலாந்தில் வீடு வீடாகக் கைமாறிய இஞ்சி பியர்க் கட்டியை ஹரி மார்ஷல் வோர்ட் எனும் தாவரவியலாளர் 1892-இல் ஆராய்ந்து, அதில் ஒரு மதுவமும் ஒரு பற்றீரியமும் கூட்டுக் குடித்தனம் நடத்துவதைக் கண்டார். இவர் அதற்கு முன்னரே இலங்கைக்கு வந்து, நம் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர்.

கேள்வி: இப்படி வீட்டில் நொதிக்கவைக்கும் இஞ்சி பியரில் அற்ககோல் உண்டா? எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, கிண்ணியா

பதில்: உண்டு. மறைப்பதற்கில்லை. மேலே சொன்ன கணக்கையே தொடர்ந்தால், லீற்றருக்குப் பத்துக் கிராம் சீனி நொதிக்கும்போது ஐந்து கிராமுக்குச் சற்றுக் கூடுதலான எதனோலும் உண்டாகிறது. கனவளவில் அது ஏறத்தாழ 0.6, 0.7 சதவீதம். பியரில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு எனலாம். வெளியே கூடுதல் நேரம் வைத்தால், அல்லது வாயுவைத் திறந்துவிட்டு மேலும் வைத்தால், இது ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பின் அதை இஞ்சி பானம் என்று சொல்லி மதுவரி அதிகாரியின் முன் நிற்க முடியாது. கடையில் விற்கும் இஞ்சி பானங்களில் பெரும்பாலானவை நொதிக்கவைக்கப்படுவதில்லை. குளிர்ந்த நீருக்குள் வாயுவை அழுத்திப் புகுத்துகிறார்கள்.

மார்க்க ரீதியான முடிவை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறையன்று. ஆனால் ஐயம் வேண்டாமெனில் வழி எளிது. மதுவத்தை விட்டுவிட்டு, இஞ்சியையும் சீனியையும் கெட்டியான பாகாகக் காய்ச்சிப் போத்தலில் வைத்து, வேண்டும்போது தேசிக்காய் பிழிந்து சோடாவில் கலந்து கொடுங்கள். பிள்ளைகளுக்கு நான் அதையே விரும்புவேன். உப்புவெளி விடுதிக்காரருக்கும் இதுவே பொருந்தும். விற்பனை என்று வரும்போது அரைச் சதவீதமும் சிக்கல்தான்.

கேள்வி: வீட்டு பியரைக் குடித்தால் கண்பார்வை போய்விடும் என்பது மெய்யா?
— வாசகர், சீனக்குடா

பதில்: கண்ணைப் பறிப்பது மெதனோல். பழத்தோல்களிலுள்ள பெக்ரின் எனும் பசைப்பொருள் சிதையும்போது அது சிறிதளவு உண்டாகும். வாற்கோதுமையில் பெக்ரின் மிகக் குறைவு என்பதால், முறையாக நொதித்த பியரில் ஆபத்தான அளவு மெதனோல் சேர வழியில்லை. நச்சுச் சாராயச் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணம், போதை ஏற்றுவதற்கென்று தொழிற்சாலை மெதனோலை யாரோ கலந்துவிடுவது. கெட்ட பியர் வயிற்றைக் கலக்கும், கண்ணைப் பறிக்காது. அளவுக்கு மிஞ்சிய நல்ல பியர் ஈரலுக்குச் செய்வது வேறு கதை. அதைப் பற்றி மருத்துவர் பகுதிக்கு எழுதுங்கள்.

கேள்வி: வீட்டில் கிடக்கும் ஈஸ்ட் பக்கற் உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது?
— வாசகி, நிலாவெளி

பதில்: இளஞ்சூடான அரைக் கோப்பை நீரில் ஒரு தேக்கரண்டி சீனியைக் கரைத்து, அதன்மேல் ஈஸ்டைத் தூவுங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் உயிருண்டு. கட்டாவிட்டால் எறிந்துவிடுங்கள். திறந்த பக்கற்றை இறுகக் கட்டிக் குளிரில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் சற்று உவர். குழாய் நீரிலோ குளோரின் மணம். இஞ்சி பியருக்கு எது?
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: குழாய் நீர். குளோரினைக் கொதிக்கவைத்து அல்லது அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் போக்கிவிடலாம். உப்பை எந்தக் கொதியாலும் போக்க முடியாது, கொதித்து வற்றினால் அது இன்னும் செறியும். குளோரினை நீக்காமல் விட்டால், தாவரப் பொருள்களிலுள்ள பீனோல்களோடு சேர்ந்து ஆசுபத்திரி வாடை ஒன்றைத் தரும். அந்த வாடைக்கு மிகச் சிறிய அளவே போதும். கழுவும் நீருக்கும் இது பொருந்தும்: போத்தலைக் குளோரின் கரைசலால் கழுவியிருந்தால், கொதித்தாறிய நீரால் இரண்டு முறை அலசிவிட்டே நிரப்புங்கள்.